ஒப்புக்கொள்வதும் அறிக்கையிடுவதும்: ஒரு கிரேக்க வினைச்சொல்லின் கதை

லூக்கா நற்செய்தி 10ஆம் அதிகாரம் 21ஆம் வசனத்தில் இயேசு ஆவியிலே களிகூர்ந்து, "பிதாவே, உம்மை ஸ்தோத்திரிக்கிறேன்" என்கிறார். அதே நூலின் 22ஆம் அதிகாரத்தில், பணம் தருகிறோம் என்று ஆசாரியர்கள் சொன்னதும் யூதாஸ் அதற்குச் "சம்மதித்து", காட்டிக்கொடுக்கச் சமயம் தேடுகிறான். தமிழில் படிக்கிறவருக்கு இந்த இரண்டு இடங்களுக்கும் ஒரு சம்பந்தமும் தெரியாது. ஒன்று துதி, மற்றது துரோகம். ஆனால் கிரேக்க மூலத்தில் இரண்டு இடத்திலும் இருப்பது ஒரே வினைச்சொல்: எக்ஸொமொலொகெயோ. யோர்தான் கரையில் மக்கள் தங்கள் பாவங்களை "அறிக்கையிட்டு" ஞானஸ்நானம் பெற்றார்கள் என்று மாற்கு எழுதும் இடத்திலும் இதே சொல்தான்.

கிரேக்கம் படிக்கத் தொடங்கிய யாரும் இந்தச் சொல்லிடம் வந்ததும் ஒரு நிமிடம் திகைத்து நிற்பார்கள். அகராதியைத் திறந்தால் சம்மதி, வாக்குக் கொடு, ஒப்புக்கொள், அறிக்கையிடு, துதி, நன்றி சொல் என்று வரிசையாகப் போகும். ஒன்றுக்கொன்று ஒட்டாதவைபோல் தோன்றும் இத்தனை பொருள்கள் ஒரு சொல்லுக்குள் எப்படி வந்தன? கிரேக்க எழுத்தே தெரியாதவர்களையும் மனத்தில் வைத்து அதைச் சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் அடிப்படை வடிவம். ஹொமொலொகெயோ என்பது அதன் பெயர். நம் எழுத்தில் 'கெ' என்று எழுதினாலும் 'அங்கே' என்பதில் வரும் மென்மையான ககரமாகச் சொல்ல வேண்டும். 'ஹொமொ' என்றால் ஒரே, ஒத்த. 'லொக்' என்பது சொல், பேச்சு என்ற பொருள் தரும் பகுதி. லோகோஸ் என்ற புகழ்பெற்ற சொல்லும் இதன் உறவுதான். இரண்டையும் சேர்த்தால் 'ஒத்துச் சொல்', அதாவது ஒருவர் சொன்னதையே தானும் சொல். இதன் முன்னால் 'எக்ஸ்' என்ற முன்னொட்டு சேர்ந்தால் எக்ஸொமொலொகெயோ. 'வெளியே', 'முழுதாக' என்ற அழுத்தம் அதில் கூடும். உள்ளே இருப்பதை வாய்விட்டு, ஒளிக்காமல் ஒப்புக்கொள்வது.

இந்தச் சொல்லைப் புரிந்துகொள்ளத் தமிழர்களுக்கு ஒரு வசதி உண்டு. நம்மிடம் 'ஒப்பு' இருக்கிறது. ஒன்றுபோல் இருப்பது ஒப்பு. இன்னொருவர் சொன்னதை ஏற்பது ஒப்புக்கொள்வது, ஒத்துக்கொள்வது. இரண்டு பேர் கூடிச் செய்வது ஒப்பந்தம். அதன் அடியில் இடுவது கையொப்பம். நீதிமன்றத்தில் ஒருவர் தன் குற்றத்தைத் தானே சொன்னால் அது ஒப்புதல் வாக்குமூலம். ஒத்திருத்தல், சம்மதித்தல், ஒப்பந்தம், குற்றத்தை ஏற்றல் என்று ஹொமொலொகெயோ பல நூற்றாண்டுகளில் நடந்த பாதையை நம் 'ஒப்பு' தானாகவே நடந்திருக்கிறது. இரண்டு மொழிகளுக்கும் இதில் கொடுக்கல் வாங்கல் எதுவும் கிடையாது. ஆனாலும் இவ்வளவு நெருக்கமான பொருத்தம் கையில் இருக்கும்போது அதை விட்டுவிட்டுக் கிரேக்கச் சொல்லைச் சுற்றிவளைத்து விளக்க வேண்டியதில்லை.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. மேடைகளில் அடிக்கடி கேட்கிற ஒரு விளக்கம்: "ஹொமொலொகெயோ என்றால் அதையே சொல்லுதல், ஆகவே பாவ அறிக்கை என்றால் கடவுள் நம் பாவத்தைப் பற்றி என்ன சொல்கிறாரோ அதையே நாமும் சொல்வது." கேட்க நன்றாக இருக்கிறது. அதில் ஓர் உண்மையும் இருக்கிறது. ஆனால் ஒரு சொல்லின் வேர்ப்பொருளை எடுத்து, அது வரும் ஒவ்வொரு வாக்கியத்திலும் அப்படியே திணிப்பது தவறு. எள்ளின் நெய்தான் எண்ணெய். அதற்காகத் தேங்காய் எண்ணெயில் எள் தேடுவோமா? விவிலிய ஆய்வில் பரவலாக இருந்த இந்தப் பழக்கத்தை ஜேம்ஸ் பார் என்ற அறிஞர் 1961இல் வெளியிட்ட நூலில் கடுமையாகக் கண்டித்தார். வேர் சொல்லின் பிறந்த ஊரைக் காட்டும். அது இப்போது எங்கே குடியிருக்கிறது என்பதை, அது வரும் வாக்கியங்களைப் படித்துத்தான் அறிய வேண்டும். அதனால் வாக்கியங்களுக்கே போவோம்.

கி.மு. 399, ஏதென்ஸ் சிறைச்சாலை. இன்னும் விடியவில்லை. எழுபது வயதான சாக்ரடீஸ் தூங்கிக்கொண்டிருக்கிறார். நண்பர் கிரீட்டோ அவரை எழுப்பாமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். தப்பிக்க எல்லாம் தயார், பணம்கூடத் தயார். சாக்ரடீஸ் மறுக்கிறார். அவர் சொல்லும் காரணத்தின் நடுவில் நிற்பது இந்த வினைச்சொல். ஏதென்ஸின் சட்டங்களே எதிரில் வந்து நின்று பேசுவதுபோல் அவர் கற்பனை செய்கிறார். சட்டங்கள் கேட்கின்றன: எங்களைப் பிடிக்காதவன் தன் பொருளை எடுத்துக்கொண்டு எங்கு வேண்டுமானாலும் போகலாம் என்று அனுமதித்தோமே, நீ போனாயா? எழுபது ஆண்டுகள் இங்கேயே இருந்தாய், பிள்ளைகளையும் இங்கேயே பெற்றாய். எங்களுக்குக் கட்டுப்பட்டு நடப்பதாக நீ ஒப்புக்கொண்டாய்; வாயால் அல்ல, செயலால்.

பிளேட்டோ எழுதிய அந்த உரையாடலில் 'எர்கோ, ஆல் ஊ லொகோ' என்று வருகிறது. செயலால், சொல்லால் அல்ல. 'சொல்' என்ற பகுதியைத் தன் உடம்பிலேயே வைத்திருக்கும் ஒரு வினைச்சொல்லை, சொல்லே இல்லாத ஓர் ஒப்புதலுக்குப் பயன்படுத்துகிறார் பிளேட்டோ. வேரிலிருந்து சொல் எவ்வளவு தூரம் வளர்ந்துவிட்டது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைத்ததில்லை. இன்னொன்றும் இங்கே தெரிகிறது. ஒப்புக்கொள்வது ஆளைக் கட்டுகிறது. சொல்லிவிட்டு எழுந்து போய்விட முடியாது. சாக்ரடீஸ் அந்த ஒப்புதலுக்காக நஞ்சைக் குடித்தார்.

பிளேட்டோவின் மற்ற உரையாடல்களிலும் இந்தச் சொல் ஓயாமல் வரும். சாக்ரடீஸ் கேள்வி கேட்பார், எதிரில் இருப்பவர் "ஒப்புக்கொள்கிறேன்" என்பார். அடுத்த கேள்வி அதன்மேல் எழும்பும். சற்று நேரத்தில், "முன்பு இதை ஒப்புக்கொண்டோமே, இப்போது வேறு சொல்கிறாயே" என்று பிடித்துக்கொள்வார். இப்படிப் படிக்கும்போது இந்தச் சொல்லின் குணம் எனக்குப் பிடிபட்டது. ஹொமொலொகெயோ பெரும்பாலும் ஒரு பதில். யாரோ முதலில் கேட்டிருக்கிறார்கள், அல்லது சொல்லியிருக்கிறார்கள். அதற்கு மறுமொழியாகத்தான் இது வருகிறது. தனியாக நின்று சுவரைப் பார்த்துச் செய்கிற காரியம் இல்லை. இந்தக் குணத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் மீதிப் பொருள்களெல்லாம் எளிதாக விளங்கும்.

ஸ்டோயிக் தத்துவவாதிகளும் இதைத் தங்கள் தலைமைச் சொற்களில் ஒன்றாக எடுத்துக்கொண்டார்கள். வாழ்வின் குறிக்கோள் 'ஒத்து வாழ்வது' என்றார் அந்தப் பள்ளியைத் தொடங்கிய ஜீனோ. 'இயற்கையோடு ஒத்து' என்று விரித்தார்கள். இங்கே பேச்சே இல்லை, இசைவு மட்டும்தான்.

தத்துவத்தைவிட என்னை அதிகம் கவர்ந்தது எகிப்தின் பாப்பிரஸ் ஏடுகள், அதாவது நாணல் போன்ற ஒரு செடியிலிருந்து செய்த தாள்கள். 1896ஆம் ஆண்டின் கடைசியில் கிரென்ஃபெல், ஹன்ட் என்ற இரண்டு ஆங்கிலேய அறிஞர்கள் ஆக்சிரிங்கஸ் என்ற பழைய ஊரின் குப்பைமேடுகளைத் தோண்டத் தொடங்கினார்கள். அங்கும் எகிப்தின் மற்ற ஊர்களிலும் கிடைத்த ஆயிரக்கணக்கான ஏடுகளில் பெரும்பங்கு சாதாரண மக்களின் அன்றாடக் காகிதங்கள்: கடன் சீட்டு, கழுதை விற்ற பத்திரம், வீட்டு வாடகை, திருமண உடன்படிக்கை. இவற்றில் மிகப் பல தொடங்குவதே 'ஹொமொலொகெய்' என்ற சொல்லோடுதான். "இன்னார் இன்னாருக்கு ஒப்புக்கொள்கிறார்." அந்தப் பத்திர வகைக்கே ஹொமொலொகியா என்று பெயர். பணத்தை எண்ணி வாங்கியதாக ஒப்புக்கொள்கிறேன், நிலத்தை உனக்கு விற்றுவிட்டதாக ஒப்புக்கொள்கிறேன், இன்ன மாதத்தில் திருப்பித் தருவதாக ஒப்புக்கொள்கிறேன். பாவம், பக்தி, அழுகை எதுவும் கிடையாது. பத்திரம் எழுதுபவரின் மேசை அது.

அந்தப் பத்திரங்களில் ஆளை அடையாளம் காட்டும் விதம் மனத்தைத் தொடும். வயது எழுதியிருக்கும். கூடவே தழும்பு எங்கே இருக்கிறது என்றும் எழுதியிருக்கும்: நெற்றியில், இடது முழங்காலில், வலது கைவிரலில். படம் ஒட்ட வழியில்லாத காலத்தில் தழும்புதான் முகவரி. எழுதத் தெரியாதவர் என்றால் கடைசியில் இன்னொருவர், "அவருக்கு எழுத்து தெரியாததால் அவருக்காக நான் எழுதினேன்" என்று குறிப்பார். ரோமப் பேரரசு முழுவதிலும் இருந்த சுதந்திர மக்களுக்கு 212இல் குடியுரிமை கொடுக்கப்பட்ட பிறகு, எகிப்தியப் பத்திரங்களின் முடிவில் ஒரு தொடர் வழக்கமாகிறது: 'எபெரோதெதெய்ஸ் ஹோமொலொகேசா'. "கேட்கப்பட்டு, ஒப்புக்கொண்டேன்." ரோமச் சட்டத்தில் ஒருவர் கேட்க, மற்றவர் அதே சொல்லால் பதில் சொன்னால்தான் செல்லுகிற ஒரு வகை உடன்படிக்கை உண்டு. அதன் சாயல் இது. கேள்வியும் பதிலும் அந்தச் சிறு தொடருக்குள்ளேயே இருக்கின்றன.

(நம் முசிறியின் பெயர் வரும் புகழ்பெற்ற பாப்பிரஸ் ஒன்று வியன்னாவில் இருக்கிறது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த அதுவும் கடல் வாணிபக் கடன் தொடர்பான ஏடுதான். ஆனால் முசிறிக் கடன் பத்திரத்துக்கு அது சொல்லும் பெயர் 'சிங்கிராபே', சேர்ந்து எழுதியது. அந்த ஏட்டையும் ஹொமொலொகியா என்று நினைத்துவிட வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.)

பத்திர வாசனை இந்தச் சொல்லைவிட்டு இன்றுவரை போகவில்லை. இன்றைய கிரேக்கத்தில் அரசாங்கக் கடன் பத்திரத்துக்குப் பெயர் ஒமொலொகோ. 2012இல் கிரேக்க அரசின் கடன் நெருக்கடியின்போது அந்நாட்டுச் செய்திகளில் தினமும் அடிபட்ட சொல் அது. வாகனத் துறையில் இருப்பவர்களுக்கு ஹோமோலோகேஷன் தெரிந்திருக்கும். ஒரு வண்டி விதிகளுக்கு ஒத்திருக்கிறது என்று சோதித்து ஒப்புதல் தருவது. ஃபெராரி 250 ஜிடிஓ என்ற புகழ்பெற்ற காரின் பெயரில் கடைசியில் நிற்கும் 'ஓ', 'ஒமொலொகாத்தா' என்ற இத்தாலியச் சொல்லின் முதலெழுத்து.

இனி முக்கியமான திருப்பத்துக்கு வருவோம். சம்மதமும் ஒப்பந்தமும் எப்படித் துதியாக மாறின?

கிரேக்கர்கள் தாங்களாக இந்தச் சொல்லைத் துதி என்ற பொருளில் ஆளவில்லை. அது யூதர்கள் வழியாக வந்தது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் எகிப்தின் அலெக்சாந்திரியாவில் எபிரேய வேதத்தைக் கிரேக்கத்தில் மொழிபெயர்க்கத் தொடங்கினார்கள். எழுபதின்மர் மொழிபெயர்ப்பு என்பது அதுதான். எபிரேயத்தில் 'ஹோதா' என்று ஒரு வினை உண்டு. கடவுளைத் துதிப்பதற்கும் அவருக்கு நன்றி சொல்வதற்கும் அந்த வினை. அதே வினையின் இன்னொரு வடிவம் பாவத்தை ஒப்புக்கொள்வதற்கு. இன்றும் எபிரேயம் பேசுகிறவர்கள் நன்றி சொல்ல 'தோதா' என்கிறார்களே, அதுவும் இதே வேர்தான். எழுபதின்மர் இந்த வினைக்கு எக்ஸொமொலொகெயோவைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களுடைய வேதத்தில் அது நூறு தடவைக்கு மேல் வருகிறது. பெரும்பாலான இடங்களில் அதன் பொருள் துதிதான்.

இது பொருத்தமில்லாத தேர்வு என்று சிலர் நினைப்பதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. நன்றி சொல்வது என்றால் என்ன? எனக்கு நடந்த நன்மை என்னால் ஆனதில்லை, உன்னால் ஆனது என்று ஒப்புக்கொள்வது. துதிப்பது என்றால் நீ யார் என்பதை மறுக்காமல் ஒப்புக்கொள்வது. பாவத்தைச் சொல்வது என்றால் நான் யார், என்ன செய்தேன் என்பதை ஒப்புக்கொள்வது. உண்மையை அதற்குரியவர் முன்னால் ஏற்பது என்பது மூன்றிலும் ஒன்றே. அந்த உண்மை யாரைப் பற்றியது என்பது மட்டும் மாறுகிறது.

ஆதியாகமம் 29இல் லேயாள் நான்காவது மகனைப் பெற்றதும், "இப்பொழுது கர்த்தரைத் துதிப்பேன்" என்று சொல்லி யூதா என்று பேர் வைக்கிறாள். அங்கே எபிரேயத்தில் 'ஹோதா', கிரேக்கத்தில் எக்ஸொமொலொகெயோ. 'யூதர்' என்ற இனப்பெயரே ஒரு தாயின் நன்றிச் சொல்லை ஒட்டி வேதம் சொல்லும் பெயரிலிருந்து வந்தது. இன்னொரு பக்கம் யோசுவா 7. எரிகோவின் கொள்ளையிலிருந்து ஒரு சால்வையையும் வெள்ளியையும் பொன்பாளத்தையும் திருடிக் கூடாரத்துக்குள் புதைத்த ஆகான் பிடிபடுகிறான். யோசுவா அவனிடம், "மகனே, கர்த்தரை மகிமைப்படுத்து, அவருக்கு எக்ஸொமொலொகேசிஸ் கொடு, நீ செய்ததை எனக்குச் சொல்லு" என்கிறார். அந்த நடுச்சொல்லைத் துதி என்று எடுப்பதா, பாவ அறிக்கை என்று எடுப்பதா? அதன் முன்னால் மகிமை நிற்கிறது, பின்னால் குற்றம் நிற்கிறது. நம் பழைய தமிழ் வேதாகமம் 'அறிக்கைபண்ணி' என்று ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டது. அதைக் குறை சொல்ல மாட்டேன்; மொழிபெயர்ப்பவருக்கு ஒரு பக்கத்தில் நின்றுதான் ஆகவேண்டும். மூலத்தில் இரண்டும் ஒரே சொல்லில் இருக்கின்றன.

சங்கீதம் 136 இன்னும் தெளிவு. 26 வசனங்கள், ஒவ்வொன்றின் முடிவிலும் "அவர் கிருபை என்றுமுள்ளது." தொடக்கம் நமக்கு மனப்பாடம்: "கர்த்தரைத் துதியுங்கள்." கிரேக்கத்தில் இதைச் சொல்லுக்குச் சொல் வைத்தால் "கர்த்தருக்கு ஒப்புக்கொள்ளுங்கள்" என்று வரும். 'கர்த்தரை' அல்ல, 'கர்த்தருக்கு'. படிக்கத் தொடங்கியவர்களுக்குக் கையில் பிடித்துக்கொள்ள ஒரு கயிறு இது. இந்த வினையோடு நான்காம் வேற்றுமையில் ஒருவர் மட்டும் வந்து (அவருக்கு, உமக்கு), பாவம், குற்றம், செய்கை என்று எதுவும் இரண்டாம் வேற்றுமையில் வராவிட்டால், பெரும்பாலும் துதி. 'பாவங்களை' என்று செயப்படுபொருள் வந்துவிட்டால் அறிக்கை. இயேசு லூக்கா 10:21இல் 'உமக்கு' என்கிறார், பாவம் எதையும் சொல்லவில்லை. ஆகவே அது துதி. யாக்கோபு 5:16இல் இரண்டும் உண்டு: பாவங்களை, ஒருவருக்கொருவர். அது அறிக்கை.

இதைத் தவறாகப் புரிந்துகொண்டவர்களை ஒரு பெரிய மனிதர் நேரில் பார்த்திருக்கிறார். வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகரத்து ஆயர் அகுஸ்தீன். லத்தீன் மொழியில் இந்தச் சொல்லுக்குக் 'கொன்ஃபிதெயோர்' என்று போட்டிருந்தார்கள். ஒருநாள் கோயிலில் மத்தேயு 11:25 வாசிக்கப்பட்டது: "கொன்ஃபிதெயோர் திபி, பாதெர்." வாசகர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்த உடனே சபை முழுக்க மார்பில் அடித்துக்கொள்ளும் சத்தம். கொன்ஃபிதெயோர் என்றாலே பாவம்தான் என்று அவர்களுடைய கைகளுக்குப் பழகிவிட்டது. அகுஸ்தீன் பிரசங்கத்தில் அதையே எடுத்துப் பேசினார். பேசுகிறவர் கிறிஸ்து, அவரிடம் பாவம் ஏது? ஒப்புக்கொள்ளுதல் பாவிக்கு மட்டும் உரியது இல்லை, துதிக்கிறவருக்கும் உரியது என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். அவர் தன் வாழ்க்கையைப் பற்றி எழுதிய நூலுக்கு இந்தச் சொல்லையே தலைப்பாக வைத்தார். தன் குற்றமும் கடவுளின் புகழும் ஒரே மூச்சில் வருகிற நூல் அது.

புதிய ஏற்பாட்டில் ஹொமொலொகெயோ 26 இடங்களிலும் எக்ஸொமொலொகெயோ 10 இடங்களிலும் வருகின்றன. எல்லாவற்றையும் ஒரு மாலையில் தேடிப் படித்துவிடலாம். யாரும் செய்து பார்க்கலாம். ஏரோதியாளின் மகள் நடனமாடியபின், அவள் கேட்டதைத் தருவதாக ஏரோது ஆணையிட்டு வாக்குக் கொடுத்தது ஹொமொலொகெயோ. உயிர்த்தெழுதல் உண்டென்று பரிசேயர் ஒப்புக்கொள்கிறார்கள் என்பது ஹொமொலொகெயோ. "உங்களை ஒருக்காலும் அறியவில்லை" என்று கடைசி நாளில் இயேசு சிலருக்குச் சொல்லப்போவதாக மத்தேயு 7:23இல் வருகிறதே, அந்தச் 'சொல்லுவேன்' கூட இதே வினைதான். வெறும் சொல்லுதலைவிட அதில் பாரம் அதிகம். எல்லோர் முன்னாலும் தீர்க்கமாக அறிவிப்பது.

இத்தனை இடங்களையும் அடுக்கிப் படித்தால் நீதிமன்றத்தின் வாசனை திரும்பத் திரும்ப அடிக்கும். எருசலேமிலிருந்து ஆசாரியரும் லேவியரும் வந்து, ஞானஸ்நானம் கொடுத்த யோவானிடம், "நீர் யார்?" என்று விசாரிக்கிறார்கள். அவர் மறுதலிக்காமல் அறிக்கையிட்டார், நான் கிறிஸ்து அல்ல என்று. பிறவிக்குருடனுக்குப் பார்வை வந்தபின் அவனுடைய தாய் தகப்பனை அழைத்து விசாரிக்கிறார்கள். இயேசுவைக் கிறிஸ்து என்று ஒப்புக்கொண்டால் ஜெப ஆலயத்துக்குப் புறம்பாக்குவார்கள் என்று பயந்து, "அவன் வயதுள்ளவன், அவனையே கேளுங்கள்" என்று நழுவுகிறார்கள். பவுல் ஆளுநர் பேலிக்ஸ் முன் நின்று, "உம்மிடத்தில் ஒன்றை ஒத்துக்கொள்ளுகிறேன்" என்று தன் வாதத்தைத் தொடர்கிறார். எங்கும் ஒரு கேள்வி முன்னால் நிற்கிறது. இந்த வினைக்கு எதிர்ச்சொல்லும் அதையே காட்டும்: அர்னெயொமாய், மறுதலித்தல். மனுஷர் முன்பாக என்னை அறிக்கைபண்ணுகிறவன், மறுதலிக்கிறவன் என்று மத்தேயு 10 இரண்டையும் எதிரெதிரே நிறுத்துகிறது. நெருப்புக்கு முன்னால் ஒரு வேலைக்காரி கேட்டபோது பேதுரு செய்தது இரண்டாவது.

இரண்டாம் நூற்றாண்டில் சிமிர்னா நகரத்து விளையாட்டரங்கத்தில் இந்த வினைச்சொல் உரக்க ஒலித்தது. இன்றைய துருக்கியின் இஸ்மீர்தான் அந்த ஊர். முதியவரான ஆயர் பொலிகார்ப்பு விசாரிக்கப்படுகிறார். கிறிஸ்துவை மறுத்துவிடு, விட்டுவிடுகிறேன் என்று அதிகாரி திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்க்கிறார். முடியவில்லை. அதன்பின் கட்டியக்காரனை அரங்கத்தின் நடுவே அனுப்புகிறார். அவன் மூன்று முறை முழங்கினான்: "பொலிகார்ப்பு தான் கிறிஸ்தவன் என்று ஒப்புக்கொண்டார்." 'ஹோமொலொகேசென்'. அவ்வளவுதான் குற்றச்சாட்டு, அவ்வளவுதான் தீர்ப்பு. கூட்டம் அவரை உயிரோடு எரிக்கக் கேட்டது. பத்திரங்களின் அடியில் எழுதப்பட்டுவந்த அந்த வினை இங்கே ஓர் ஆளின் உயிரின்மேல் எழுதப்பட்டது. இப்படி விசாரணையில் ஒப்புக்கொண்டு, வதைபட்டும் கொல்லப்படாமல் தப்பியவர்களுக்குக் கிரேக்கத் திருச்சபை 'ஹொமொலொகேதேஸ்' என்று தனிப் பட்டம் வைத்தது. ஏழாம் நூற்றாண்டில் நாக்கும் வலது கையும் வெட்டப்பட்ட மாக்சிமுஸ் அந்தப் பட்டத்தோடுதான் அறியப்படுகிறார்.

பாவத்தை ஒப்புக்கொள்ளுதல் என்ற பொருளுக்கு இந்தச் சூழலோடு வந்தால் அது வேறு மாதிரி தெரிகிறது. யோர்தான் கரையில் நடந்தது திறந்த வெளியில், எல்லோரும் பார்க்க. மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கார்த்தேஜ் நகரத்து தெர்த்துல்லியன் லத்தீனில் எழுதும்போது, எக்ஸொமொலொகேசிஸ் என்ற கிரேக்கச் சொல்லை மாற்றாமல் அப்படியே வைத்துக்கொண்டு அது என்னவென்று விவரிக்கிறார்: சாக்குடுத்திச் சாம்பலில் கிடப்பது, மூப்பர்களின் காலில் விழுவது, சகோதரர்கள் எல்லோரையும் தனக்காக வேண்டச் சொல்வது. தனியறையில் காதோடு சொல்வது பிற்கால வளர்ச்சி.

இலக்கணத்தில் ஒன்றை விட்டுவிட்டேன். கிரேக்கத்தில் செய்வினைக்கும் செயப்பாட்டுவினைக்கும் நடுவே 'நடுவினை' என்று ஒன்று உண்டு. செய்கிறவர் தன்னையும் அந்தச் செயலுக்குள் வைத்துக்கொள்வது. புதிதாகப் படிப்பவர்களை இது பயமுறுத்தும். தமிழருக்குப் பயம் வேண்டாம், நம்மிடம் 'கொள்' இருக்கிறது. முடியை வெட்டினான், முடியை வெட்டிக்கொண்டான்: அந்த வித்தியாசம்தான். எக்ஸொமொலொகெயோ துதியாகவோ பாவ அறிக்கையாகவோ வரும் இடங்களிலெல்லாம் நடுவினையில் வருகிறது. புதிய ஏற்பாட்டின் பத்து இடங்களில் ஒன்றே ஒன்றில்தான் அது வெறும் செய்வினை. அந்த ஒன்று யூதாஸ் சம்மதித்த இடம். உடன்படிக்கைக்குச் செய்வினை வருவது கிரேக்கத்தில் இயல்பே; லூக்கா வேண்டுமென்று செய்தார் என்று வாதாட மாட்டேன். ஆனாலும் ஒவ்வொரு முறை அங்கு வரும்போதும் என் கண் அந்த வடிவத்தில் நின்றுவிடுகிறது. அவன் ஒப்பினான், அதில் 'கொள்' இல்லை.

தமிழ் வேதாகமங்களில் 'அறிக்கை' இந்த வினைக்கு நிலைத்த சொல்லாகிவிட்டது. எனக்கு அதில் சிறு வருத்தம் உண்டு. அறிக்கை என்றால் இன்று அமைச்சர் விடுகிற அறிக்கை, வரவுசெலவு அறிக்கை. ஒருவர் எழுந்து நின்று அறிவித்துவிட்டுப் போவது. எதிரில் கேட்டவர் யாரும் இருக்க வேண்டியதில்லை. 'ஒப்புக்கொள்' என்பதில் எதிராள் தானாகவே வந்துவிடுகிறார். கத்தோலிக்கர் வழக்கில் இப்போது ஒப்புரவு அருட்சாதனம் என்கிறார்கள். கிரேக்கத்தில் ஒப்புரவுக்கு உரியது வேறு சொல் என்றாலும், தமிழில் அது நம் 'ஒப்பு' வீட்டுப் பிள்ளைதான்.

அதற்கு முந்தைய பெயர் பாவசங்கீர்த்தனம். தமிழ் அச்சின் தொடக்ககாலத்திலேயே, 1580இல் கொச்சியில், பாவத்தை ஒப்புக்கொள்ள வழிகாட்டும் தமிழ்க் கையேடு ஒன்றை ஹென்றீக்கஸ் அடிகளார் அச்சிட்டார். அதன் தலைப்பு போர்த்துகீசியச் சொல். பாவசங்கீர்த்தனம் என்ற வடசொல் பின்னால் எங்கள் வீடுகளுக்குள் வேரூன்றியது. என் பாட்டி சனிக்கிழமை சாயங்காலம் முக்காடு போட்டுக்கொண்டு, "பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டு வந்துடறேன்டா" என்று கிளம்புவார். சங்கீர்த்தனம் என்றால் எனக்குத் தெரிந்தது ஆர்மோனியமும் தாளமும் வைத்துச் சேர்ந்து பாடுவது. அந்த மரக்கூண்டுக்குள் பாட்டி மெல்லிய குரலில் பாடுகிறார் என்றே நினைத்து, வெளியே பெஞ்சில் உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்பேன். பாட்டு ஒன்றும் கேட்காது. திரும்பி வரும் வழியில், "என்ன பாடுனீங்க?" என்று ஒருநாள் கேட்டேன். பாட்டி சிரித்தார், பதில் சொல்லவில்லை. எழுபதின்மர் மொழிபெயர்ப்பில் ஆகான் கதையைக் கிரேக்கத்தில் முதன்முதலாகப் படித்த அன்று அந்தப் பெஞ்சுதான் நினைவுக்கு வந்தது.